அந்தக் காலை மெட்டுக்குச் சொந்தக்காரர்

தாத்தா விடியற்காலை ஆறு மணி ஆகும் முன்பே ரேடியோவைத் திருகிவிடுவார். முதலில் கொர்ரென்று ஒரு இரைச்சல், அப்புறம் தம்புரா, அதற்கு மேல் மெல்ல ஏறும் வயலின். அடுப்பில் பால் பொங்கும் வாசனையும் அந்த மெட்டும் எனக்கு ஒன்றாகத்தான் ஞாபகத்தில் இருக்கின்றன. ஆகாசவாணியின் அந்த மெட்டைப் போட்டவர் வால்டர் காஃப்மன் என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆனது. வேறு பெயர்களும் அடிபடுவதுண்டு, ஆனால் பரவலாக ஏற்கப்பட்டிருப்பது இவர் பெயர்தான். வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா, உலகப் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் சுபின் மேத்தாவின் அப்பா.

காஃப்மன் 1907இல் கார்ல்ஸ்பாடில், இன்றைய செக் நாட்டில், பிறந்த யூதர். பெர்லினில் ஃபிரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையமைப்பு படித்தார், அப்புறம் பிராகில் இசையியல் ஆய்வு. ஆய்வேடு எழுதி முடித்தாகிவிட்டது, பட்டம் கைக்கெட்டும் தூரத்தில். அப்போதுதான் தன் பேராசிரியர் நாஜிகளின் பக்கம் நிற்பவர் என்று தெரியவருகிறது. அந்த ஆள் கையால் எனக்குப் பட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். இத்தனை வருட உழைப்பை அப்படி உதறிவிட்டு வர எத்தனை பேரால் முடியும்?

1934இல் பம்பாய்க்குக் கப்பல் ஏறுகிறார். ஏன் இந்தியா? விசா சுலபமாகக் கிடைத்தது, அவ்வளவுதான். கையில் திரும்பிப் போகும் டிக்கெட்டும் இருந்தது. தங்கியது பன்னிரண்டு வருடம்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்த மெட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். நம் இசையை முதன்முதலில் ரெக்கார்டில் கேட்டபோது அவருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. இதயமும் அறிவும் உள்ள மனிதர்கள் உண்டாக்கிய இசை, லட்சக்கணக்கானவர்கள் நேசிக்கிற இசை, அது எனக்குப் புரியவில்லை என்றால் குறை என்னிடம்தான் என்று எழுதிவைத்திருக்கிறார். 1930களில் ஒரு ஐரோப்பிய இசைக்கலைஞர் இப்படி யோசித்தார் என்பது எனக்கு அந்த மெட்டைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பம்பாய்க்கு வந்த சில மாதத்திலேயே சேம்பர் மியூசிக் சொசைட்டி, அதாவது சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசைக்கான சங்கம், ஆரம்பித்துவிட்டார். வியாழக்கிழமை தோறும் வில்லிங்டன் ஜிம்கானாவில் கச்சேரி. பியானோவில் இவர், வயலினில் மேத்தா. 1937 முதல் 1946 வரை வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவுக்குப் பொறுப்பு. நடுவில் சினிமா இயக்குநர் பவ்னானியின் படங்களுக்கும் வேலை செய்தார். 1939இல் தன் நண்பர், எழுத்தாளர் வில்லி ஹாஸ் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கே வந்து சேர உதவினார். தானே ஒண்ட வந்த இடத்தில் இன்னொருவருக்கும் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார், பாருங்கள்.

நாம் அடைக்கலம் கொடுத்தோம், அவர் மெட்டு கொடுத்தார் என்று இனிப்பாகக் கதையை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் மனைவி கெர்ட்டி, பிராகின் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் மூத்த தங்கை எல்லியின் மகள். அந்த எல்லியை 1941இல் பிராகிலிருந்து போலந்தின் வூட்ஜ் நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவுக்கு ரயிலேற்றினார்கள், அவர் திரும்பவே இல்லை. காஃப்காவின் மூன்று தங்கைகளையும் கொன்றுவிட்டார்கள். எல்லியின் மருமகன் போட்ட மெட்டில் இங்கே தினமும் பொழுது விடிந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. அந்த மெட்டு சிவரஞ்சனி ராகம் என்பார்கள். அந்த ராகத்தின் காந்தாரத்தில், அதாவது ‘க’ ஸ்வரத்தில், இருக்கிற ஏக்கத்தை இப்போதெல்லாம் என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

1946இல் இந்தியாவை விட்டுக் கிளம்பி லண்டன், கனடாவின் ஹாலிஃபாக்ஸ், அங்கேயே வின்னிபெக் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர், கடைசியில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் என்று போனார். 1984இல் மறைந்தார். ஆனால் நம் இசையை விடவில்லை. 1968இல் வட இந்திய ராகங்கள் பற்றி ஒரு தடித்த புத்தகம், 1976இல் தென்னிந்திய ராகங்களுக்கும் ஒன்று. மேளம் மேளமாக, அதாவது தாய் ராகம் ஒவ்வொன்றாக, அதன் கீழே அதிலிருந்து பிறந்த ஜன்ய ராகங்கள், ஸ்வரங்கள் ஏறும் ஆரோகணம், இறங்கும் அவரோகணம். ஒரு காலத்தில் ரெக்கார்டில் கேட்டு ஒன்றும் பிடிபடாமல் உட்கார்ந்திருந்த அதே மனிதர் எழுதியது.