சார்ந்திருப்பவர் கார்டு

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை சோவியத் நகரமான லெனின்கிராடைச் சூழ்ந்து பட்டினி போட்ட முற்றுகை என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 125 கிராம் ரொட்டிதான். அது முடிந்த நாளான ஜனவரி 27 வந்தால், ஒவ்வொரு வருடமும் ஒரு கறுப்பு ரொட்டித் துண்டின் படம் சுற்றி வரும். கீழே "என்ன ஒரு மன உறுதி" என்று நாலு பேர் எழுதியிருப்பார்கள். எனக்கும் அந்த மக்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த 125 கிராம் யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. அது எல்லாருக்குமான அளவு இல்லை.

1941 நவம்பர் 20 முதல் ஐந்து வாரம், ஆலைத் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 250 கிராம். அலுவலக ஊழியர், குழந்தைகள், 'சார்ந்திருப்பவர்' மூவருக்கும் 125. ரேஷன் கார்டில் இருந்த இந்தக் கடைசிப் பெயர்தான் எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வேலைக்குப் போகாத பாட்டி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, 12 வயதைத் தாண்டிய பிள்ளை எல்லாரும் அதில் அடக்கம். ருஷ்ய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'அடுத்தவர் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுபவர்' என்ற வாடையும் உண்டாம். ரொட்டி போக, மாதாமாதம் கிடைத்த சர்க்கரையிலும் கொழுப்பிலும் அவர்கள் பங்குதான் மிகக் குறைவு.

சரி, அந்த 'உட்கார்ந்து சாப்பிடுபவர்' என்ன செய்தார்? விடியும் முன்பே ரொட்டிக் கடை வரிசையில் நின்றார். குழாயில் தண்ணீர் வராது. நெவா ஆற்றில் பனிக்கட்டியை உடைத்த துளையிலிருந்து வாளியில் மொண்டு, குழந்தைகளின் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்து வந்து, மாடிப்படி ஏற வேண்டும். படியெல்லாம் முன்னால் போனவர்கள் சிந்திய தண்ணீர் உறைந்து வழுக்கும். சின்ன இரும்பு அடுப்பில் நாற்காலியையும் புத்தகத்தையும் போட்டு எரிக்க வேண்டும். செத்தவர்களை அதே சறுக்கு வண்டியில் கட்டி இழுத்துப்போனதும் பெரும்பாலும் இவர்கள்தான்.

போன ஞாயிறு வீட்டுத் தராசில் 125 கிராம் பிரெட் நிறுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஐந்து ஸ்லைஸ் வந்தது. பரவாயில்லையே என்று ஒரு நொடி தோன்றியது, வெட்கமாகவும் இருந்தது. அவர்கள் ரொட்டி இந்தப் பஞ்சு பிரெட் இல்லை. கம்பு மாதிரி கறுத்த ரை மாவோடு புண்ணாக்கும் மரக்கூழும் சேர்த்துப் பிசைந்து, தண்ணீர் கோத்துக் கனத்த களிமண் போன்ற ஒன்று. 125 கிராம் என்பது அதில் ஒரே ஒரு துண்டு. அன்றைக்கு வேறு பெரிதாக எதுவும் கிடையாது.

கடையில் கிராம் கணக்காக நிறுப்பார்கள். எடை குறைந்தால் ஒரு சின்னத் துணுக்கை மேலே வைப்பார்கள். நம்ம ஊர் கொசுறு இல்லை அது, சேர வேண்டிய பங்கில் ஒரு பகுதி. கடைக்குப் போய் வரும் பிள்ளை அந்தத் துணுக்கை வழியில் வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று பல வீடுகளில் ஒரு சலுகை இருந்திருக்கிறது. அம்மாவே போனால் அந்தத் துணுக்கும் வீட்டுக்கு வந்து சேரும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆயுத ஆலை நின்றால் நகரமே போய்விடும், லேத் முன்னால் நிற்பவனுக்குக் கூடுதலாகக் கொடுக்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். நியாயம்தான். இருந்த மாவு அவ்வளவுதான். முற்றுகையைத் தாண்டி நகருக்கு மாவு வரும் வழியான லடோகா ஏரி உறைந்து, அதன் மேல் லாரி ஓடத் தொடங்கியபோதும் முதலில் வந்தது சொற்பம். அந்த 250 கிராமும் ஒரு ஆளைப் பிழைக்க வைக்கப் போதாது. சொல்லப்போனால் அந்தக் குளிர்காலத்தில் முதலில் சாய்ந்தது ஆண்கள். என் கோபம் கிராம் மேல் இல்லை, பெயர் மேல். 'மாவு இல்லை, உனக்குத் தர முடியவில்லை' என்பது ஒன்று. 'நீ உழைக்காதவள், உனக்கு இவ்வளவு போதும்' என்பது வேறு. கார்டில் அச்சடித்திருந்தது இரண்டாவது.

என் பள்ளி விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் அப்பா ஒரு கோடு இழுத்திருந்தார். நாலரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டியவரின் எதிரில் உட்கார்ந்துதான் இழுத்தார்.

கார்டின் கணக்கை முதலில் புரிந்துகொண்டவர்களும் அந்தப் பெண்கள்தான். பலர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து தொழிலாளி கார்டு வாங்கினார்கள். சிலர் ரத்தம் கொடுக்கப் போனார்கள். கொடுப்பவருக்குத் தனி ரேஷன் உண்டு, அதை வாங்கிவந்து பிள்ளைக்கு ஊட்டினார்கள். மாத நடுவில் வீட்டில் ஒருவர் இறந்தால் உடனே சொல்லாமல், குளிர்ந்த அறையில் உடலை வைத்திருந்து, மாதம் முடியும்வரை அவர் கார்டில் ரொட்டி வாங்கினார்கள். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

டிசம்பர் 25 அன்று அளவைக் கூட்டினார்கள். கடைக்குள் போன பிறகுதான் பலருக்கும் தெரிந்திருக்கிறது. தெருவில் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். தொழிலாளிக்கு 100 கிராம் கூடியது. சார்ந்திருப்பவருக்கு 75.