ஹைட்டிப் புரட்சி என்றால் 200 பொற்காசா?

நேற்று ராத்திரி நடந்தது இன்னும் ஆறவில்லை. நாடுகளை ஆளும் ஒரு வரலாற்று கேமில் பிரான்ஸை எடுத்து ஆறு வாரம் ஆடி, ஒருவழியாக 1791 ஆகஸ்ட்டைத் தொட்டேன். பிரெஞ்சுக் காலனியான செயின்ட் டொமிங், அதாவது இன்றைய ஹைட்டி, பற்றியெரிந்த மாதம். அதைப் பார்க்கத்தான் இந்த கேமையே வாங்கினேன்.

திரை ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. ‘காலனியில் கலகம்.’ கீழே இரண்டு பட்டன்: 200 பொற்காசு கொடு, அல்லது படை அனுப்பு. கலகம் செய்தது யார், எதற்காக, ஒரு வரி கிடையாது. படையை அனுப்பினேன். கப்பல் படம் ஒன்று கடலைத் தாண்டியது, முரசு கொட்டியது, ‘அமைதி திரும்பியது’ என்று பெட்டி மூடிக்கொண்டது. போன படையில் ஓர் ஆள் குறையவில்லை. நம்ப முடியாமல் பழைய சேவ் ஃபைலைத் திறந்து காசு கொடுத்துப் பார்த்தேன். அதே முரசு, அதே அமைதி. மூன்றாம் முறை எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டி தானாகவே மறைந்தது. சர்க்கரை வருமானத்தில் 5 குறைந்தது.

வெறும் ஐந்து! அங்கே ஏறக்குறைய 5 லட்சம் பேரை அடிமைகளாக வைத்துக் கரும்பு வெட்ட விட்டிருந்தார்கள். அவர்கள் தோட்டங்களைக் கொளுத்திவிட்டு எழுந்தார்கள். பின்னால் நெப்போலியன் தன் தங்கை கணவர் லெக்லெர்க்கை அனுப்பினாரே, அந்தப் பெரும்படையை மஞ்சள் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. 1802-ல் லெக்லெர்க்கும் அதிலேயே செத்தார். என் படை மட்டும் ஊர் சுற்றிவிட்டு வந்த மாதிரி முழுசாகத் திரும்புகிறது.

எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸின் கன்வென்ஷன், அதாவது புரட்சிக் கால நாடாளுமன்றம், அடிமை முறையை ஒழித்தது. கேமில் அது நான் இஷ்டப்பட்டால் போடும் ஒரு சட்டம், பாரிஸ் பெரிய மனசு பண்ணிக் கொடுத்த வரம். ஆனால் அதற்கு முந்தின ஆகஸ்டிலேயே தீவில் இருந்த பிரெஞ்சு ஆணையர் சோந்தோனா விடுதலையை அறிவித்தாகிவிட்டது. தீவைப் பிடிக்க ஸ்பெயின் ஒரு பக்கம், பிரிட்டன் ஒரு பக்கம். எழுந்த மக்களைத் தன் பக்கம் சேர்க்காமல் அவரால் தீவைக் காப்பாற்ற முடியாது. அவர்கள் சண்டை போட்டு வாங்கியது அது. ஒருகாலத்தில் அடிமையாக இருந்த பெலே, தீவின் பிரதிநிதியாக அந்த கன்வென்ஷனிலேயே உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியருக்கு முழுத்திரைப் படம் வரைந்தவர்களுக்கு இவருக்கு ஒரு சின்னப் படம் போட மனம் வரவில்லை. ஹைட்டிப் புரட்சியின் தலைவர் தூசான் லூவெர்த்யூர் பெயர்கூட இல்லை!

சரி, அந்த மக்கள் பக்கமே நின்று ஆடலாம் என்று தேடினால், நாடுகளின் பட்டியலில் அவர்கள் இல்லை. 1804 ஜனவரி 1 வரை தள்ளிக்கொண்டு போனேன். புரட்சிப் படைத் தளபதி டெசலீன் ஹைட்டியின் சுதந்திரத்தை அறிவித்த நாள். கேமில் வந்தது வெறும் வரிக் கணக்குதான்.

இதில் பிரெஞ்சுப் படைக்குப் புதுச் சீருடை என்று 14 ஜிபி அப்டேட் வேறு. டேட்டா மொத்தமும் போய், காலையில் அம்மா வீடியோ காலில் வந்தபோது முகமே தெரியவில்லை.