பனியனில் ஓடும் மனுசன்

போன கிழமை மத்திய வீதியில் ஒரு பெடியன் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பனியன் போட்டுக்கொண்டு போனான். நெஞ்சில் சிவப்பும் நீலமும், நடுவில் பந்தோடு ஓடும் வெள்ளை உருவம். "இது யார் தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். "சும்மா டிசைன்தானே அண்ணா" என்றான்.

அது ஜெரி வெஸ்ட், அந்த லீக்கின் பழைய ஆட்டக்காரர். 1969இல் அலன் சீகல் என்பவர் வெஸ்டின் புகைப்படம் ஒன்றை வைத்து வரைந்தது. 2024 ஜூனில், 86 வயதில் மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது அவரை இழுப்பதற்குக் காரணம் எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழு. கூடைப்பந்து ரீமுக்கு யாரைக் கோச்சாகப் போடுவது என்று மூன்று நாளாகச் சண்டை. "அந்தக் காலத்தில் அவனைப்போல விளையாடினவன் யார்? அவனையே போடு." சுற்றிச்சுற்றி இதுதான் வாதம்.

எனக்கு உடன்பாடில்லை. நான் விளையாடிய காலத்தில் வந்த கோச்சும் அப்படிப்பட்ட ஆட்டக்காரர்தான். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் வளையத்துக்குள் விழும். எங்களுக்கு விழாது. "இதுகூடவா வராது?" என்பதுதான் அவர் தந்த பயிற்சியில் முக்கால்வாசி. தனக்கு அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது, பாவம்.

வெஸ்ட் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு 14 பருவங்கள் ஆடினார். 9 தடவை இறுதித் தொடர், அதில் 8 தோல்வி. 1972இல் மட்டும்தான் வெற்றி. 1969இல் கடைசி ஆட்டத்தில் 42 புள்ளிகள் எடுத்தும், இரண்டே புள்ளியால் போஸ்டனிடம் போனது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவருக்கே கொடுத்தார்கள். தோற்ற அணியில் வேறு எவரும் இன்றுவரை அதை வாங்கியதில்லை. வாங்கி என்ன செய்ய?

1976இல் அதே அணிக்குப் பயிற்றுவிப்பாளரானார். மூன்று பருவங்கள், ஒன்றும் மோசமில்லை. ஆனால் கிண்ணமும் இல்லை, அந்த வேலை அவருக்குப் பிடிக்கவுமில்லை. விட்டுவிட்டு, அணிக்குப் புது ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்க்கும் வேலைக்குப் போனார். 1982இல் பொது முகாமையாளர், அதாவது அணிக்கு ஆட்களை எடுக்கிறவர். அங்கேதான் அவருடைய கண் வேலை செய்தது.

1996இல், பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த 17 வயதுப் பெடியனை, ஓய்வுபெற்றிருந்த லேக்கர்ஸ் ஆட்டக்காரர் மைக்கல் கூப்பரோடு மோதவிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே, பார்த்தது போதும் என்று நிறுத்திவிட்டார். அந்தப் பெடியனுக்காக, அணியின் நடு ஆட்டக்காரர் விளாடே டிவாட்ஸையே சார்லட் அணிக்குக் கொடுத்தார். பெடியன்தான் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற கோபி பிரையண்ட். அதே கோடையில் ஷக்கீல் ஓ'நீல் என்ற ராட்சத நடு ஆட்டக்காரரும் வந்தார். 2000, 2001, 2002 என்று வரிசையாக மூன்று கிண்ணம். முதலாவதோடு வெஸ்ட் கிளம்பிவிட்டார் என்பது வேறு கதை.

எங்களூரில் பழைய ஆட்டக்காரனுக்கு இரண்டே இடம்தான். ஒன்று கோச், இல்லாவிட்டால் பரிசளிப்பு விழாவில் முன்வரிசைக் கதிரை. மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்று சுற்றி, யாருக்குக் கை நீளம், யாருக்குக் கால் வேகம் என்று பார்த்துவர ஒருவரையும் அனுப்புவதில்லை. பஸ் காசு தந்தால் முடிகிற காரியம். தெரிவு நாளன்று மட்டும் ஆறு பேர் மேசை போட்டு உட்காருவார்கள்.

மைதானத்துக்குச் சைக்கிளில் ஒரு அண்ணர் வருவார். மாவட்ட அணிக்கு இரண்டாம் வரிசையில் ஆடியவர். எட்டு வருடத்துக்கு முன்பு நாங்களெல்லாம் நெட்டையன் ஒருவனைப் பார்த்து வாய்பிளந்து நின்றபோது, மதிலோரம் நின்று சொன்னார்: "அந்தக் கட்டையனைப் பாருங்கோ, பந்து வரமுதலே திரும்புறான்." யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. கட்டையன் அடுத்த வருடமே கால்பந்துக்குப் போய் மாகாண அணியில் ஆடினான். நெட்டையன் இப்போது கனடாவில்.

அண்ணரைக் குழுவில் சேர்த்து அவரிடமே கேட்போம் என்று நேற்றுப் போட்டேன். அவரிடம் இன்னும் பட்டன் போன்தான் என்று ஒருவன் சிரித்துவிட்டுப் போனான்.