புதைவடம் கேட்டவர்களுக்கு மின் பொறியாளர்கள் சொல்லாத பதில்

கொங்கு மாவட்டங்களில் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து 2018 டிசம்பரில் விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. கேரளத்துக்குள் சாலையோரம் மின்சாரத்தை மண்ணுக்கடியில் புதைவடமாகக் கொண்டுபோக முடிகிறது என்றால், எங்கள் காட்டில் மட்டும் ஏன் கோபுரம்?

அந்தக் கேள்விக்குக் காவல்துறை பதில் சொன்னது. வருவாய்த்துறை பதில் சொன்னது. தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தவர்களும் உண்டு. உண்மையான பதில் தெரிந்தவர்கள் மின் பொறியாளர்கள். நாம்தான் வாய் திறக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் எனக்கு அது ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் மேற்கு மாவட்டங்களில் எழுந்த பாதைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. அவற்றில் இரண்டு, டிசி எனப்படும் நேர்த்திசை மின்னோட்டப் பாதைகள். ஒன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு வருவது: பிளஸ் மைனஸ் 800 கிலோவோல்ட், 6000 மெகாவாட், 1700 கிலோமீட்டருக்கும் அதிக நீளம். மற்றொன்று புகளூரிலிருந்து திருச்சூர் அருகே மாடக்கத்தரைக்குப் போவது: பிளஸ் மைனஸ் 320 கிலோவோல்ட், 2000 மெகாவாட். இரண்டாவது பாதைதான் கேரளத்துக்குள் வடக்கஞ்சேரியில் கோபுரத்தை விட்டு இறங்கி, கடைசி முப்பது கிலோமீட்டர் அளவுக்கு மண்ணுக்கடியில் போகிறது. விவசாயிகள் சுட்டிக்காட்டியது இதைத்தான்.

புதைவடம் என்று வரும்போது ஏசிக்கும், அதாவது திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்துக்கும், டிசிக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. வடம் என்பது நடுவில் கம்பி, சுற்றிலும் காப்பு, அதற்கு வெளியே உலோக உறை. அதாவது அது மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு நீளமான மின்தேக்கி. ஏசியில் மின்னழுத்தம் விநாடிக்கு 50 சுற்று மாறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வடம் முழுவதும் மின்னேற்றம் ஏறி இறங்க வேண்டும். உயர் அழுத்தத்தில் சில பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் வடத்தின் மின்சாரம் கடத்தும் திறனில் பெரும்பகுதியை இந்த ஏற்ற இறக்கமே தின்றுவிடும். டிசியில் ஒரு முறை மின்னேற்றம் அடைந்தால் போதும், அதற்குப் பிறகு இந்தச் சிக்கல் இல்லை. 1954-ல் சுவீடன் தன் பெருநிலத்திலிருந்து காட்லாந்து தீவுக்கு 20 மெகாவாட்டை நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான கடல்வடத்தில் அனுப்பியது இதனால்தான் முடிந்தது. ஊனோ லாம் என்ற பொறியாளர், ஏசியை டிசியாக மாற்றும் பாதரச வால்வைப் பல ஆண்டுகள் போராடிச் செம்மைப்படுத்தி அதைச் சாதித்தார். நீண்ட தூரப் புதைவடம் என்ற யோசனையே டிசி தொழில்நுட்பத்தின் பிறப்போடு சேர்ந்தது. அப்படியிருக்க, வயலில் நின்று ஒருவர் அதைக் கேட்டபோது அறியாமை என்று நம்மில் பலர் ஒதுக்கினோம்.

நேர்மையான பதில் இரண்டு பாகம் கொண்டது. ராய்கர் பாதைக்கு, முடியாது. 800 கிலோவோல்ட் டிசிக்கான புதைவடம் உலகில் எங்குமே இயக்கத்தில் இல்லை. அழுத்தத்தைக் குறைத்து, பல வடங்களை இணையாகப் போட்டு 6000 மெகாவாட்டைக் கொண்டுவரலாம் என்று தாளில் கணக்குப் போடலாம். செலவு எங்கேயோ போய்விடும். திருச்சூர் பாதைக்கு, முடியும். அதே பாதையில், அதே அழுத்தத்தில், கேரளத்தில் செய்துகாட்டியிருக்கிறோம். தமிழ்நாட்டுப் பகுதியில் செய்யாததற்குக் காரணம் செலவு. கோபுரத்தைவிடப் புதைவடத்துக்குப் பல மடங்கு ஆகும். கேரளத்தில் அந்தக் கடைசிப் பகுதியில் கோபுரத்துக்கு இடம் கிடைப்பது கடினம் என்பதால் அந்தச் செலவு ஏற்கப்பட்டது. இங்கே இடம் கிடைக்கும் என்று கருதப்பட்டது.

இதைச் சொல்லியிருந்தால் விவசாயிகள் ஏற்றிருப்பார்களா? எல்லாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். யாருடைய நிலத்தின் செலவில் யாருடைய பணம் மிச்சப்படுகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. 800 கிலோவோல்ட் பாதைக்கு 69 மீட்டர் அகலத் தடம் வேண்டும். அதற்குள் தென்னை வைக்க முடியாது. நிலம் பட்டாதாரர் பெயரிலேயே இருக்கும். 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவும் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் தரும் அதிகாரத்தில், கையகப்படுத்தாமலே கோபுரம் நடலாம். மத்திய அரசின் 2015 வழிகாட்டுதல் கோபுரக் கால் நிற்கும் நிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதமும், கம்பி போகும் தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் இழப்பீடு என்றது. இருபது வருடத் தென்னந்தோப்பை வெட்டக் கொடுத்தவரிடம் போய் 15 சதவீதம் என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரு கிராமத்தில் டியூப்லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 400 கிலோவோல்ட் ஏசி பாதைக்கு அடியில் அந்த விளக்கு இணைப்பு எதுவும் இல்லாமல் மங்கலாக எரிவதை அவர் பார்த்திருந்தார். "ஏனுங்க தம்பி, புதுசா வர்றதுக்கு அடியிலயும் இப்படி எரியுமுங்களா?" என்று கேட்டார். எரியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். ஏசி பாதையின் புலம் இடைவிடாமல் திசை மாறுவதால்தான் விளக்குக்குள் சிறு மின்னோட்டம் தூண்டப்படுகிறது. டிசி பாதையின் புலம் மாறாமல் நிற்கிறது. அதற்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி அயனிகள் உருவாகித் தரை நோக்கி நகர்கின்றன, கம்பியிலிருந்து ஒரு சரசரப்பு கேட்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஏசி பாதை மழையில்தான் அதிகம் இரையும். டிசி பாதையின் சத்தம் மழையில் குறைந்துவிடும் என்றதும் பக்கத்தில் நின்ற இளைஞர்கள் நெருங்கி வந்தார்கள். கேள்விக்கு மேல் கேள்வி. தடத்துக்குள் கறவை மாட்டைக் கட்டலாமா, போர்வெல் வண்டியின் கம்பத்தை நிமிர்த்தலாமா, சொட்டுநீர்க் குழாய் போடலாமா என்று ஒவ்வொன்றும் வேலை தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி. பெரியவர் கடைசியில் சொன்னார்: "இதையெல்லாம் சொல்ல இத்தன நாளா ஒருத்தருமே வரலீங்களே."

போராட்டத்தை அவர் கைவிடவில்லை. கைவிடச் சொல்ல நானும் போகவில்லை.

நம் தரப்பிலும் சொல்ல எவ்வளவோ இருந்தது. 6000 மெகாவாட்டை அவ்வளவு தூரத்திலிருந்து 400 கிலோவோல்ட் ஏசியில் கொண்டுவர வேண்டுமானால் ஒரு தடம் போதாது, பல தடங்கள் வேண்டும். டிசி அந்த நிலத்தை மிச்சப்படுத்துகிறது. காற்றாலைப் பருவத்தில் நம்மிடம் மிஞ்சும் மின்சாரத்தை அதே பாதையில் வடக்கே திருப்பி அனுப்பவும் முடியும். 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்து 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருளில் தவித்தபோது, தென் தொகுப்பு நெருக்கடிக்கு உள்ளானாலும் விழவில்லை. அப்போது தெற்கு மற்ற தொகுப்புகளோடு ஏசியில் இணைக்கப்பட்டிருக்கவில்லை. ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வருவது போன்ற டிசி இணைப்புகள் வழியாகத்தான் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. டிசி இணைப்பு மின்சாரத்தைக் கடத்தும், அதிர்வெண் தடுமாற்றத்தைக் கடத்தாது. இவற்றை நம் கருத்தரங்குகளில் ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் சொல்லிக் கைதட்டிக்கொள்கிறோம். பாரிஸில் 1921-ல் தொடங்கிய, மின் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான சீக்ரேயில் டிசிக்கென்றே தனி ஆய்வுக் குழு இருக்கிறது. அதன் அறிக்கைகளை மதிப்போடு படிக்கிறோம். அந்த அறிவு புகளூர் நிலையத்தின் சுற்றுச்சுவரைத் தாண்டி, அதே மாவட்டத்து க.பரமத்திக்குக்கூடப் போய்ச்சேரவில்லை.

ஜெர்மனியில் என்ன நடந்தது என்று பாருங்கள். வடகடல் காற்று மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோகும் சூட்லிங்க் பாதைக்கு முதலில் கோபுரங்கள்தான் திட்டம். மக்கள் எதிர்த்தார்கள். பெரிய டிசி பாதைகளுக்குப் புதைவடமே முதல் தேர்வு என்று 2015-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 525 கிலோவோல்ட்டில், சுமார் 700 கிலோமீட்டர், மண்ணுக்கடியில் போகும்படி மாற்றினார்கள். செலவு ஏறியது, முதலில் குறித்த 2022-ஐத் தாண்டிப் பல ஆண்டுகள் தள்ளிப்போனது. அது சரியான முடிவா என்று அங்கே இன்னும் விவாதிக்கிறார்கள். அந்த விவாதம் பொதுவெளியில் நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

வேலையில் இருப்பவர் பொதுவில் பேசினால் நோட்டீஸ் வரும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. நடத்தை விதிகளை நானும் படித்திருக்கிறேன். ஆனால் ஓய்வு பெற்றவர்களுக்கு என்ன தடை? கல்லூரிப் பேராசிரியர்களுக்கு என்ன தடை? பொறியாளர் சங்கங்கள் பதவி உயர்வுக்கும் ஊதிய ஒப்பந்தத்துக்கும் பக்கம் பக்கமாக அறிக்கை விடுகின்றனவே, ஒரு டிசி பாதையைப் பற்றித் தமிழில் நான்கு பக்கம் அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்தில் வைக்க எந்த விதி தடுக்கிறது?

இன்னும் பாதைகள் வரும். மதுரையிலிருந்து இலங்கைக்கு டிசி இணைப்பு என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலைகள் வந்தால் அந்த மின்சாரமும் கரையேறியாக வேண்டும். ராமநாதபுரத்து மீனவர்களும் விவசாயிகளும் கேட்கப்போகும் கேள்விகள் இப்போதே தெரிந்தவைதான்: எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், வலை இழுக்கலாமா, புதைவடம் ஏன் இங்கே உண்டு அங்கே இல்லை, வேறு எந்த வழிகளைப் பார்த்தீர்கள், அவற்றை ஏன் விட்டீர்கள், செலவு வித்தியாசம் எவ்வளவு.

புகளூரின் இரண்டு பாதைகளுக்கும் இந்தக் கேள்வி பதில்களைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கடல்வடம் பதிப்பதில் நேரடி அனுபவம் உள்ளவர்களும், இழப்பீட்டு வழக்குகளை நடத்திய வழக்கறிஞர்களும் உள்பெட்டியில் தொடர்பு கொள்ளுங்கள். அந்த இரண்டு பகுதிகளையும் நான் தனியாக எழுத முடியாது.