ஆப்ப சோடாவைத் தலைக்குப் போடும் முன்னால்

ஒரு பாக்கெட் ஆப்ப சோடாவும் ஒரு பாட்டில் வினிகரும் இருந்தால் ஷாம்பூவே வேண்டாம் என்ற குறிப்பு வாட்ஸ்அப்பிலும் ரீல்ஸிலும் ஓயாமல் சுற்றுகிறது. கூடவே "கெமிக்கல் கிடையாது, முழுக்க இயற்கை" என்ற உத்தரவாதம் வேறு. அதை நம்பி வாரம் இரண்டு தடவை சோடாவைக் குழைத்துத் தலையில் தேய்க்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோடா, தலைமுடிக்கு வழக்கமாகப் போடும் பொருள் ஆகாது. மாதத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு வேலைக்கு, அளந்து போட்டால் பெரிய சேதமில்லாமல் முடிக்கலாம். அந்த வேலை என்ன, அளவு என்ன, எங்கே கெடுகிறது என்பதற்குத்தான் இந்த நீளமான பதிவு.

"இயற்கை" என்பதிலிருந்தே தொடங்குவோம். ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ட்ரோனா என்ற கனிமத்தை வெட்டியெடுத்துச் சோடா தயாரிக்கிறார்கள். குஜராத்தின் மித்தாப்பூர் போன்ற இடங்களில் உப்பிலிருந்தும் சுண்ணாம்புக்கல்லிலிருந்தும் ஆலையில் தயாரிக்கிறார்கள். எங்கிருந்து வந்தாலும் பொருள் ஒன்றே, முடியின் மேல் அது செய்கிற வேலையும் ஒன்றே. மண்ணிலிருந்து வந்தது என்பதற்காக மென்மையாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வண்ணார்கள் அழுக்குத் துணிக்குப் போட்ட உவர்மண்ணும் மண்ணிலிருந்து வந்ததுதான். அதை யாரும் தலைக்குத் தேய்க்கச் சொல்லவில்லை.

அடுத்தது பெயர்க் குழப்பம். இதில் கோட்டை விட்டால் மற்ற எல்லாம் வீண். ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு, பேக்கிங் சோடா என்று எப்படிச் சொன்னாலும் பாக்கெட்டில் சோடியம் பைகார்பனேட் என்று மட்டும் இருக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு. அதில் அமிலப் பொடியும் மாவும் கலந்திருக்கும், ஈரத்தலையில் பசையாக ஒட்டும். வாயுத் தொல்லைக்குக் குடிக்கும் ஃப்ரூட் சால்ட்டில் சிட்ரிக் அமிலம் கலந்திருக்கிறது, அதுவும் ஆகாது. சலவை சோடாவோ சோடியம் கார்பனேட். அதன் கரைசலின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 11 வரை போகும், தோலைப் புண்ணாக்கும். மளிகைக் கடையில் சும்மா "சோடா கொடுங்க" என்று கேட்டு, பேர் எழுதாத பொட்டலத்தை வாங்கித் தலையில் போடாதீர்கள்.

இப்போது பி.எச். கணக்கு. 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தலைத்தோல் சுமார் 5.5. முடியின் தண்டு அதைவிட அமிலமாக, 3.67 அளவில் இருக்கிறது. ஆப்ப சோடாக் கரைசல் ஏறக்குறைய 8.3. இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. ஆக 5.5-க்கும் 8.3-க்கும் இடையே கிட்டத்தட்ட அறுநூறு மடங்கு வித்தியாசம்.

"தண்ணீர் நிறைய ஊற்றினால் காரம் குறைந்துவிடுமே" என்று பலரும் நினைக்கிறார்கள். சோடாவின் விஷயத்தில் அது சரியில்லை. இந்த உப்பு அமிலமாகவும் காரமாகவும் இருபக்கமும் நடந்துகொள்ளும் தன்மை உடையது. அதனால் ஒரு ஸ்பூனைக் கால் லிட்டரில் கரைத்தாலும் ஒரு லிட்டரில் கரைத்தாலும் பி.எச். 8.3-ஐ ஒட்டியே நிற்கும். நீர்த்தால் குறைவது தலையில் படுகிற சோடாவின் மொத்த அளவு. அளவு குறைந்தால் அதை அலசி எடுப்பது சுலபம், பிறகு அமிலத்தால் சமன் செய்வதும் சுலபம். நீர்க்கச் செய்யச் சொல்வது அதற்காகத்தான்.

கொதிக்கிற தண்ணீரில் கரைப்பது இன்னும் மோசம். சூட்டில் கரியமில வாயு வெளியேறி, பைகார்பனேட் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட்டாக, அதாவது சலவை சோடாவாக மாறுகிறது. கரைத்து வைத்த தண்ணீரை நாள்கணக்கில் திறந்து வைத்தாலும் மெதுவாக இதே கதைதான். ஆகவே வெதுவெதுப்புக்கு மேல் சூடு வேண்டாம், அன்றன்று கரைத்ததை அன்றே கொட்டிவிட வேண்டும்.

அப்படியானால் முதல் முறை போட்டவர்கள் "தலை லேசாகிவிட்டது, முடி பளிச்சென்று இருக்கிறது" என்கிறார்களே? அவர்கள் சொல்வது உண்மைதான். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசையில் உள்ள கொழுப்பு அமிலங்களை சோடா சோப்பாக்கி இழுத்துக்கொண்டு போகிறது. சில ஹேர் ஜெல், ஸ்ப்ரே வகைகளின் பிசினும் காரத்தில் கரையும். மாதக்கணக்கில் படிந்த பிசுக்கு ஒரேயடியாகப் போனால் தலை லேசாகத்தானே இருக்கும். ஆனால் அலசும்போது முடியை விரலால் உருவினால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். பலர் அதைச் சுத்தத்தின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். அது உராய்வின் சத்தம். காரத்தில் முடி கொஞ்சம் உப்புகிறது, மேல்செதில்கள் தூக்கிக்கொள்கின்றன, முடியின் மேல் எதிர்மின்னேற்றம் கூடுகிறது. ஒரு முடி இன்னொன்றில் சிக்கும், சீப்பு இழுக்கும், நுனி பிளக்கும்.

சேதம் முதல் வாரத்தில் தெரியாததற்கும் காரணம் உண்டு. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்கிறது. இடுப்பு வரை பின்னல் போடுகிறவரின் நுனிமுடிக்கு நாலைந்து வயது. வெயில், தண்ணீர், சீப்பு எல்லாம் தாங்கி ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அந்த நுனியில் வாரம் இரண்டு முறை சோடா பட்டால் இரண்டு மூன்று மாதத்தில் துடைப்பம் மாதிரி ஆகிவிடும். தலைத்தோல் புதுப்பித்துக்கொள்ளும். முடித்தண்டு உயிரில்லாதது, தானாக ஆறாது.

நம் வீடுகளில் இரண்டு கூடுதல் சிக்கல்கள். ஒன்று எண்ணெய். எண்ணெய் வைத்துக் குளிக்கிற நாளில் பிசுக்கை எடுக்க சோடா போடலாம் என்று எண்ணுகிறார்கள். நல்ல தேங்காயெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் தனியாக நிற்கிற கொழுப்பு அமிலம் மிகக் குறைவு. முழுக் கொழுப்பைச் சோப்பாக மாற்ற காஸ்டிக் சோடா போன்ற வலுவான காரம் வேண்டும். குளியலறையில் ஒரு நிமிடத்தில் ஆப்ப சோடாவால் அது முடியாது. எண்ணெய் போகவில்லையே என்று இன்னும் ரெண்டு ஸ்பூன் அள்ளிப் போடுவார்கள். எண்ணெயும் போகாது, முடியும் கெடும். எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய், அரப்பு அல்லது மென்மையான ஷாம்புதான் சரி.

இரண்டாவது, போர்வெல் தண்ணீர். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் இதைத் தாண்டிவிடுகிறது. பக்கெட்டின் ஓரத்திலும் ஷவரின் துளையிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் முடியிலும் ஏறுகிறது. சோடா இதை எடுக்காது. பி.எச். கூடக் கூட முடி கால்சியத்தை இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். அத்துடன் சோடா உண்டாக்கிய சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகத் தலையில் தங்கும். "சோடா போட்ட பிறகு முடி மெழுகு பூசின மாதிரி இருக்கிறது" என்று சொல்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உப்புத்தண்ணீர்ப் படிவுக்கு வேண்டியது அமிலம், அல்லது கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் இடிடிஏ (EDTA) கலந்த ஷாம்பு.

சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும், அல்லது வினிகரையும், ஒரே கிண்ணத்தில் கலந்து நுரை பொங்கப் பொங்கத் தலையில் தடவுவது இன்னொரு பிரபலக் குறிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் சோடாவை முழுதாகச் செயலிழக்கச் செய்ய 5 சதவீத வினிகர் சுமார் 70 மில்லி போதும். பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது உப்புத்தண்ணீரும் காற்றில் போன கரியமில வாயுவும். அழுக்கை எடுக்கிற காரமும் இல்லை, முடியைச் சமன் செய்கிற அமிலமும் இல்லை. இரண்டையும் பயன்படுத்துவதானால் சோடா முதலில், நன்றாக அலசல், அதன் பிறகே அமிலம்.

இதையெல்லாம் படித்த பிறகும் ஜெல், ஸ்ப்ரே பிசுக்கை எடுக்க ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்றால், இப்படிச் செய்யுங்கள். முந்தின நாள் முழங்கை மடிப்பில் சோதனை: கால் டீஸ்பூனை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, இரண்டு நிமிடம் வைத்துக் கழுவி, 24 மணி நேரம் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். குளிக்கிற நாளில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சோடா எடுங்கள், குவித்தது வேண்டாம். சுமார் 5 கிராம் வரும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு நறநறப்பு துளியும் இல்லாமல் கரையுங்கள். ஆர்ஓ தண்ணீரோ மழைத்தண்ணீரோ இருந்தால் நல்லது. மெல்லிய துணியில் வடிகட்டிவிடுங்கள். குழைத்துப் பசையாகப் போடவே கூடாது என்பதற்குக் காரணம், பசையில் பாதிக்கு மேல் கரையாத பரல்கள். ஈரத்தில் உப்பிய முடியின் மேல் அவை உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

தலையை முதலில் வெறும் தண்ணீரில் முழுக்க நனையுங்கள். மூக்குள்ள பாட்டிலில் ஊற்றி, வகிடு வகிடாகப் பிரித்துத் தலைத்தோலில் மட்டும் விடுங்கள். நகம் படாமல் விரல் நுனியால் மெதுவாக ஒரு நிமிடம் தேய்த்தால் போதும், இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நீளமுடியைக் கசக்காதீர்கள். அலசும்போது வழிகிறதே அதற்குப் போதும். பிறகு ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் அலசுங்கள். பெரும்பாலோர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

அடுத்து ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, சமையல் வினிகரை அரை லிட்டர் தண்ணீரில் கலந்து முடி முழுக்க ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசுங்கள். தூக்கிய செதில்கள் படிவதற்கு இது உதவும். வினிகர் வாசனை முடி காய்ந்ததும் போய்விடும். எலுமிச்சைச் சாறென்றால் நன்றாக வடிகட்டி, அதைவிட நீர்க்கக் கலந்து, ஒட்ட அலசிவிடுங்கள். எலுமிச்சைச் சாறு தோலில் தங்கிய நிலையில் வெயிலில் போனால் கருத்துக் கொப்புளம் வரலாம். கடைசியாக நுனிக்குக் கண்டிஷனர், அல்லது உள்ளங்கையில் மூன்று நான்கு சொட்டுத் தேங்காயெண்ணெய். அடுத்த முறை நான்கு வாரம் கழித்துத்தான்.

சாயம் போட்டவர்கள், ப்ளீச் செய்தவர்கள், ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தவர்கள், சுருட்டை முடிக்காரர்கள், தலையில் புண், சொறி, சொரியாசிஸ் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். குழந்தைகளுக்குக் கண்டிப்பாகக் கூடாது. டயப்பர் புண்ணுக்கு சோடா தடவி, அது தோல் வழியே உள்ளே போய், குழந்தையின் ரத்தத்தில் காரத்தன்மை ஏறிய நிகழ்வு 1981-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

போட்ட பிறகு சீப்பில் வரும் முடியை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது இயல்பாக உதிர்ந்த முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது சகஜம். குமிழ் இல்லாமல் குட்டையும் நெட்டையுமான துண்டுகளாக வந்தால் தண்டு முறிகிறது என்று அர்த்தம். அந்த நாளோடு சோடாவை நிறுத்திவிடுங்கள்.

பொடுகுக்காகச் செய்பவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீஸியா என்ற பூஞ்சை. சோடா செதிலைக் கழுவித் தள்ளுவதால் இரண்டு நாள் போனதுபோல் தெரியும். தோல் வறண்டு மறுபடி உரியும்போது இன்னும் அதிகப் பொடுகு என்று நினைத்து மேலும் சோடா போடுவார்கள். 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் தலையில் வைத்து அலசி, நான்கு வாரம் செய்வதுதான் இதற்குத் தெரிந்த வழி. அதற்கும் கேட்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். பொடுகு இருக்கும்போது எண்ணெயைத் தலையில் ஊறவிடவும் வேண்டாம். அந்தப் பூஞ்சைக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள்தான் உணவு.

ஷாம்புக்காக வாதாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2014-இல் பிரேசில் ஆய்வாளர்கள் 123 ஷாம்புகளை அளந்தபோது ஏறக்குறைய 38 சதவீதம் மட்டுமே பி.எச். 5.5-க்குள் இருந்தன. குளியல் சோப்போ 9, 10 என்று சோடாவையும் தாண்டுகிறது, அதைத் தலைக்குப் போடுவதும் தப்புத்தான். ஷாம்பு பிடிக்காதவர்களுக்கு நம்மிடமே நல்ல மாற்று உண்டு. சீயக்காயில் நுரை தருவது சப்போனின். அதன் கரைசல் சற்று அமிலப் பக்கம் நிற்கும், வடிகஞ்சியில் குழைத்தால் முடி சிக்காமலும் வரும். கொங்குப் பக்கம் போடும் அரப்பு உசிலை மர இலைப்பொடி, அதுவும் எண்ணெயை நன்றாக எடுக்கும். சீயக்காய் நுரைக்கவில்லை என்று அதில் சோடா கலப்பதுதான் ஆகாத காரியம். அதன் அமிலத்தன்மை போய்விடும். சூடான கஞ்சியென்றால் கார்பனேட் வேறு உண்டாகும்.

சோடாவைத் துளி பயமில்லாமல் போடக்கூடிய இடம் சீப்பு. பிளாஸ்டிக் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துவிட்டு, அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் சோடாவும் சில சொட்டு ஷாம்பூவும் கலந்து அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். பழைய டூத்பிரஷால் பல்லுக்குப் பல் தேய்த்தால் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்த அந்தக் கருப்புப் பிசுக்கு கையோடு வந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்யலாம். ரப்பர் மெத்தை வைத்த பிரஷைத் தலைகீழாகப் பிடித்து முள்ளை மட்டும் முக்குங்கள், மெத்தைக்குள் தண்ணீர் போனால் பூஞ்சை பிடிக்கும். மரச்சீப்பை ஊறப்போட வேண்டாம். சோடாத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள்.