பூத்தாஜிக்கு வழி சொல்வது எப்படி

போன மாதம் சென்னையிலிருந்து அத்தை பேரன் வந்திருந்தான். "மாப்ளே, காலையில எட்டு மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன், வந்துடு" என்று முதல் நாள் ராத்திரி சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டேன். மறுநாள் எட்டு நாற்பது வரைக்கும் நான் ஒரு வாசலில், அவன் ஒரு வாசலில். நடுவில் அத்தனை தண்டவாளம்.

தப்பு என்மேல்தான். வழி தெரிந்தவனுக்கு வழி சொல்லத் தெரிவதில்லை என்பது அந்த நாற்பது நிமிடத்தில் நன்றாகப் புரிந்தது.

நான் இருப்பது பர்மாவின் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில். யாங்கோன் மத்திய ரயில் நிலையத்தை இங்கே யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூத்தாஜி. பெரிய ஸ்டேஷன், அவ்வளவுதான் அர்த்தம். படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் அடுக்குக் கூரை முகப்பு வடக்கே குன் சான் சாலையைப் பார்த்து நிற்கிறது. ஊரோ தெற்கே. சூலே பகோடா, அனோரட்டா சாலை, காளியம்மன் கோயில், நம் ஆட்கள் குடியிருக்கும் தெருக்கள் எல்லாம் அந்தக் கட்டடத்தின் முதுகுப்பக்கம். ஆக, நாங்கள் காலகாலமாகப் புழக்கடை வழியாகத்தான் உள்ளே போகிறோம். விருந்தாளி ஆயிற்றே, முகப்பைக் காட்டலாம் என்று நான் அன்றைக்கு மட்டும் வடக்கே போய் நின்றேன். அதை அவனிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவன் என்ன செய்தான்? அனோரட்டா சாலையிலிருந்து நேரே வடக்கே நடந்து, போஜோ ஆங் சான் சாலையில் டிக்கெட் கவுண்டரைக் கண்டதும் இதுதான் ஸ்டேஷன் என்று வரிசையில் நின்றுவிட்டான். அது தூர ஊர் வண்டிகளுக்கு முன்பதிவு செய்கிற இடம். நாங்கள் போகவிருந்தது ஊரைச் சுற்றும் வட்ட ரயிலில். அதற்குப் பன்சோடான் பாலத்துப் பக்கமாக உள்ளே வந்து, நடைபாலத்தில் ஏறி, ஆறு ஏழாம் பிளாட்பாரத்தில் இறங்கி, அங்கேயே சீட்டு வாங்க வேண்டும். கவுண்டரில் இருந்தவர் கையை வீசி "அந்தப் பக்கம்" என்றிருக்கிறார். எந்தப் பக்கம்? எல்லாப் பக்கமும் அந்தப் பக்கம்தான்.

சரி, பாலத்தில் ஏறிவிட்டான். ஏழாம் பிளாட்பாரம் எது? போனில் கேட்கிறான். பலகையில் அவன் கண்ணுக்குப் பட்டது பர்மிய எண்தான். ஆங்கில எண் எங்கேயாவது இருந்திருந்தாலும் அந்தக் கூட்டத்தில் அவனுக்குத் தட்டுப்படவில்லை. பர்மிய எண் முதல்முறை பார்ப்பவனைப் படுத்தி எடுக்கும். பூஜ்யம் முழு வட்டம், ஒன்று இடப்பக்கம் திறந்த வட்டம், எட்டு கீழே திறந்த வட்டம். மூன்றைக் கவிழ்த்துப் போட்டால் ஆறு. ஏழு இருக்கிறதே, அது ரயிலுக்கான பர்மியச் சொல்லின் முதல் எழுத்துக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி. மூலையில் ஒருவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு காடை முட்டை விற்றுக்கொண்டிருந்தாராம். அவரிடம் ஏழு விரலைக் காட்டியிருக்கிறான். அவர் ஏழு முட்டையை எண்ணிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். பிறகு முட்டையும் கையுமாக அவனை ஏழாம் பிளாட்பாரப் படிக்கட்டு வரை கொண்டுவந்து விட்டதும் அவரேதான்.

ரயிலுக்குப் பர்மியில் யத்தா. பாலி மொழியின் ரத. நம்ம ரதமேதான். ஊர் சுற்றும் ரயில் மியோபாட் யத்தா, அதாவது ஊரை வளைத்து வரும் தேர். இத்தனை வருடமாக அந்தச் சொல் வாயில் இருந்தும், பிளாட்பாரத்தில் அவனுக்கு விளக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. சுமார் 46 கிலோமீட்டர், 40-க்குக் கொஞ்சம் குறைவான நிலையங்கள், முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 3 மணி நேரம். தெற்கே பூத்தாஜியில் கிளம்பி, மேற்கே சீமிண்டைன், வடக்கே இன்செய்ன், மிங்கலாடோன், பிறகு கிழக்கே தாம்வே வழியாகத் திரும்பும் வண்டி வலம் வருகிறது. கோயில் தேர் போகிற அதே திசை. முதலில் மல்வாகோன் பக்கம் போகிற வண்டி அப்பிரதட்சிணம். இது புரியாமல் ஏறினால், நாலைந்து ஸ்டேஷன் தள்ளியிருக்கும் தாம்வேக்கு ஊரையே சுற்றிக்கொண்டு போய்ச் சேரலாம். எல்லா வண்டியும் முழுச் சுற்று போவதில்லை என்பது வேறு. "தேர்த் திசை வண்டியா மாமா?" என்று அவன் அன்றைக்கு நாலு தடவை கேட்டான். மேற்கு கிழக்கு என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பான்.

நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வார், இதையெல்லாம் இடித்துவிட்டுச் சிங்கப்பூர் மாதிரி கட்டினால் சரியாகிவிடும் என்று. எனக்கு உடன்பாடில்லை. 1877-இல் ப்ரோம் (இன்றைய பியே) வரைக்கும் 259 கிலோமீட்டருக்கு முதல் ரயில் பாதை போட்டபோது வந்த பழைய ஸ்டேஷன், உலகப்போரில் அழிந்தது. இப்போதிருப்பது 1954-இல் திறந்தது. நகர மண்டபத்தை வடிவமைத்த ஊ டின்தான் இதற்கும் வடிவம் கொடுத்தார். வெள்ளைக்காரன் போன கையோடு, சொந்தப் பாணிக் கூரை வைத்து ஒரு ரயில் நிலையம் கட்டவேண்டும் என்று நினைத்தார்களே, அது லேசான ஆசை இல்லை. கட்டடத்தை விட்டுவிடுங்கள். நான் கேட்பது கொஞ்சம் பெயிண்ட். நடைபாலத்தின் ஒவ்வொரு படிக்கட்டுத் தலையிலும், ஆள் உயரத்துக்கு, இரண்டு எழுத்திலும் எண். இரண்டு வாசலிலும் வடக்கு, தெற்கு. அப்புறம் முடிந்தால், ஸ்டேஷன் பட்டியலில் பழைய பெயரும் சின்னதாக.

பழைய பெயர் எதற்கு என்றால், அவன் தேடி வந்ததே கெமண்டைனைத்தான். அத்தை குடும்பம் 1965-இல் கப்பலேறியது. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட தேசியமயத்துக்குப் பிறகு கடை கண்ணியை விட்டுவிட்டுப் போன எத்தனையோ குடும்பங்களில் ஒன்று. அதுவரை வீடு கெமண்டைனில். இப்போது எந்தப் பலகையிலும் அந்தப் பெயர் இல்லை. வெள்ளைக்காரன் வாயில் கெமண்டைன் ஆனதுதான் சீமிண்டைன் என்று நான் சொன்னபோது, ரயில் அந்த ஸ்டேஷனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

இறங்கியதும் அத்தைக்கு வீடியோ போட்டான். பூத்தாஜி திறந்த வருடம் அத்தைக்குப் பன்னிரண்டு வயது. தாத்தா தோளைப் பிடித்துக்கொண்டு புதுக் கட்டடம் பார்க்கப் போன கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். இவன் போனைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிறான். அத்தை படத்தைச் சரியாகப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"இப்ப எந்தப் பக்கம்டா நிக்கிற?"

"ரோட்டுப் பக்கம் ஆயா."

"அங்க ஏன் நிக்கிற? ஆத்துக் காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதோ அந்தப் பக்கம் இறங்கு. மார்க்கெட் சத்தம் கேக்கும். சத்தத்த வலது கைப் பக்கம் வச்சுக்கிட்டு நட."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி ஆற்றுப் பக்கம் இறங்கினோம். மிச்சமிருந்த இரண்டு காடை முட்டையை அவன் உரித்துக்கொண்டே வந்தான்.