சிவப்பு நிலா எல்லாம் கிரகணம் இல்லை

“நிலா உதிக்கும்போதே சிவப்பாக இருந்தால் கிரகணம் பிடித்துவிட்டது என்று அர்த்தம்” என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி இல்லை. அடிவானத்தில் இருக்கும் நிலாவின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைவிட சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, ஆரஞ்சும் சிவப்பும்தான் மிஞ்சும். கிரகணமே இல்லாத எந்த முழுநிலா நாளிலும் இதைப் பார்க்கலாம்.

நிலாவின் ஒரு பகுதி மட்டும் பூமியின் நிழலுக்குள் போகும் பகுதி கிரகணத்தில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, வடிவத்தை. பூமியின் கருநிழல் (நிழலின் இருண்ட நடுப்பகுதி) விழுந்த இடம் ஓரத்தில் கடித்து எடுத்த மாதிரி, வளைந்த விளிம்போடு இருட்டாகத் தெரியும். அந்த இருட்டுக்குள்ளும் மங்கலான செம்மை உண்டு. ஆனால் பக்கத்தில் இருக்கும் வெளிச்சப் பகுதி கண்ணைக் கூசுவதால் அது பெரும்பாலும் புலப்படாது. பைனாகுலர் இருந்தால் ஓரளவு தெரியும். புறநிழல் (கருநிழலைச் சுற்றியுள்ள மங்கலான நிழல்) மட்டும் படும் நேரத்தில் வித்தியாசமே தெரியாமல் போகலாம்.

அப்புறம், “அடிவானத்தில் நிலா பெரிதாகிவிடும்” என்பதும் கண்ணின் மயக்கம்தான். உண்மையில் அப்போது அது உச்சியில் இருப்பதைவிட 1.5 சதவீதம் போல சிறியது, கொஞ்சம் தட்டையாகவும் இருக்கும். நம்பிக்கை இல்லையென்றால் கையை நீட்டி சுண்டுவிரலால் இரண்டு நேரமும் மறைத்துப் பாருங்கள்.

கிரகணம் எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில்தான் நடக்கிறது. நிலா உதிக்கும் நேரம்தான் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊரில் நிலா எழும் முன்பே நிழல் விலகிவிட்டால், எவ்வளவு சிவந்து வந்தாலும் அது வெறும் முழுநிலாதான்.